ஃபெரிட்டின் அதிகமாக இருந்தால் ரத்தம் கொடுக்கலாமா?

போன மாசியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணினார். அண்ணனுக்கு வயது 46, உரக்கடை வைத்திருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாஸ்டர் செக்கப் பண்ணியிருக்கிறார். எல்லாம் பரவாயில்லை, ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது: ஃபெரிட்டின் 870. ரிப்போர்ட் கொடுத்த இடத்தில் ஒருத்தர், "உடம்பில இரும்பு கூடிப்போச்சு, நாலு தடவை ரத்தம் கொடுங்க, இறங்கிரும்" என்று வைத்தியமும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணன் அதை நம்பி ஒரு ரத்த மையத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். சிகிச்சைக்காக என்றால் டாக்டர் கடிதம் வேண்டும், அப்படி எடுக்கிற ரத்தத்தை யாருக்கும் ஏற்ற மாட்டோம், அழித்துவிடுவோம் என்று பதில். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏல தம்பி, எனக்கு இரும்பு வேண்டாம். இன்னொருத்தனுக்கு ரத்தம் வேணும். ரெண்டு பேருக்கும் நல்லதுதானல? பெறகு எதுக்குக் கீழ கொட்டுதாவ?"

நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இல்லை. நான் மருத்துவன் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் கொடுக்கிறவன், கிடைத்ததைப் படிக்கிறவன், அவ்வளவுதான். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பது கடைசியில்.

முதலில் இரும்பு. சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டு பழசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து, தாமிரபரணிக் கரையில் இரும்பைப் பற்றி யார் பேசினாலும் கொஞ்சம் பெருமை கலந்துவிடுகிறது. உடம்புக்குள் இருக்கிற இரும்புக்கு அவ்வளவு பெருமை கிடையாது. வளர்ந்த ஒரு ஆளிடம் மொத்தமே மூன்று நான்கு கிராம்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்தத்தின் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினாக. மிச்சம் கல்லீரலிலும் மற்ற இடங்களிலும் சேமிப்பாக. ஃபெரிட்டின் என்பது அந்தச் சேமிப்பை அடக்கி வைத்திருக்கிற புரதம்.

இதில் விசித்திரம், உடம்புக்கு இரும்பை வெளியே தள்ளுகிற வழியே கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரில் போகும், இரும்பு போகாது. தோல் உதிர்வதிலும் குடல் உதிர்வதிலும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகப் போகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் கொஞ்சம் கூடுதலாக. அவ்வளவுதான். அதனால் உடம்பு வாசலில் காவல் போடுகிறது. சாப்பாட்டில் வருகிற இரும்பில் தேவையான ஒன்றிரண்டு மில்லிகிராமை மட்டும் குடல் உள்ளே விடும். 'போதும், கதவை அடை' என்று உத்தரவு போடுவது கல்லீரல் சுரக்கிற ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இவ்வளவு அடிப்படையான விஷயத்தை 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் காவல் பிறவியிலேயே தளர்ந்திருந்தால் வருவதுதான் ஹீமோகுரோமடோசிஸ், பரம்பரை இரும்பு மிகை நோய். நாளைக்கு இரண்டு மில்லிகிராம் கூடுதலாக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. வருஷத்துக்கு 730 மில்லிகிராம். இருபது வருஷத்தில் 14 கிராமைத் தாண்டும். கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகள் என்று போய்ப் படியும். கல்லீரல் சுருங்கும், சர்க்கரை வரும், தோல் வெண்கல நிறத்துக்கு மாறும். 1865இல் பாரிஸில் ட்ருசோ என்ற மருத்துவர் இந்த மாதிரி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். ஹீமோகுரோமடோசிஸ் என்ற பெயரை 1889இல் ஜெர்மனியின் ரெக்லிங்ஹௌசன் வைத்தார். இது பரம்பரையாக வருவது என்று இங்கிலாந்தின் ஷெல்டன் 1935இல் புத்தகமே எழுதினார். மரபணு பிடிபட்டது 1996இல், அதற்கு எச்.எஃப்.இ என்று பெயர். அதில் சி282ஒய் என்கிற ஒரே எழுத்துப் பிழைதான் வடக்கு ஐரோப்பாவில் இந்த நோய்க்கு முக்கியக் காரணம். அயர்லாந்துக்காரர்களிடம் மிக அதிகம்.

இங்கேதான் நம் கதை பிரிகிறது. சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ.யில் வட இந்திய நோயாளிகளிடம் தேடினார்கள், சி282ஒய் கிடைக்கவில்லை. எச்63டி என்கிற இன்னொரு மாற்றம் நம்மிடம் உண்டு, ஆனால் அது தனியாகப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆக ஐரோப்பிய இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு, ஃபெரிட்டின் கூடினாலே ஹீமோகுரோமடோசிஸ் என்று இங்கே முடிவு கட்டக் கூடாது.

அதற்காக நமக்கு வராது என்றும் சொல்ல முடியாது. 2009இல் 'பிளட்' இதழில் ஆசியக் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து குடும்பங்கள். அவர்களிடம் எச்.எஃப்.இ இல்லாமல் வேறு மரபணுக்களில் பிழை இருந்தது: ஹீமோஜுவெலின், ஹெப்சிடின், ஃபெரோபோர்டின். இவற்றில் முதல் இரண்டும் இளம் வயதிலேயே தாக்குகிற கடுமையான வகை. அந்தக் குடும்பங்களில் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம் என்பதையும் கட்டுரை எடுத்துச் சொல்கிறது. அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று மூன்று தலைமுறையாகச் சுற்றிச் சுற்றி அதே வீடுகள்தான். இரண்டு பக்கமும் ஒரே பிழை இருந்தால் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு நோய் வர வாய்ப்பு. அண்ணன் ரிப்போர்ட் அண்ணனோடு முடிகிற சமாச்சாரம் இல்லாமல் போகலாம்.

சரி, வைத்தியம் என்ன? மாத்திரை அல்ல, ரத்தத்தை எடுப்பதுதான். 1950களின் தொடக்கத்திலிருந்து இதே சிகிச்சை, இன்னும் இதைவிட நல்லது வரவில்லை. (பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிப் பக்கம் வளர்ந்தவனுக்கு உடனே அட்டை விடுதல் ஞாபகம் வரும். ஒரு அட்டை பத்து மில்லி குடிக்கும் என்று வைத்தால், ஒரு பைக்கு 45 அட்டை. வேண்டாம்.)

ரத்தம் எடுத்தால் கல்லீரல் இரும்பு எப்படிக் குறையும்? எங்கள் வீட்டுக் குதிரை நினைத்துக்கொள்வேன். குதிரில் இருப்பது நெல். அடுப்பில் இருப்பது சோறு. யாராவது சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போனால், அம்மா மறுபடி உலை வைக்கக் குதிரைத் திறக்க வேண்டும். ரத்தம் போனதும் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை உண்டாக்க ஆரம்பிக்கும், அதற்கு இரும்பைச் சேமிப்பிலிருந்து எடுக்கும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு. ஹீமோகுளோபின் 14 உள்ள ஒருவரிடம் 350 மில்லி எடுத்தால் சுமார் 167 மில்லிகிராம் போகும். 450 மில்லி எடுத்தால் 214.

அண்ணனின் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் குதிரிலேயே இருக்கிறது. இரும்பு மிகை உள்ளவர் ரத்தத்தை ஏற்றினால் வாங்குகிறவருக்கும் இரும்பு கூடிவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடாது. மிகை இருப்பது குதிரில், பானையில் இல்லை. அவர் சிவப்பணுவில் இருப்பது எல்லோருக்கும் உள்ள அதே ஹீமோகுளோபின். பிளாஸ்மாவில் மிதக்கிற இரும்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஒரு பைக்கு அரை மில்லிகிராம் வரலாம். 214க்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. மரபணுப் பிழையும் தொற்றிக்கொள்வதில்லை. ரத்தம் நல்ல ரத்தம்தான்.

பிறகு ஏன் அழிக்கிறார்கள்? தேடிப் பார்த்ததில் காரணம் ரத்தத்தில் இல்லை, கொடுக்கிறவரின் நிலைமையில் இருக்கிறது.

தானம் என்றால் கொடுக்கிறவருக்கு அதில் லாபம் இருக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க ரத்த மையங்களின் அடிப்படை எண்ணம். 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயர் 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்' என்று ஒரு புத்தகம் எழுதினார். காசுக்கு ரத்தம் விற்கிறவன் தன் நோயை மறைப்பான், சும்மா கொடுக்கிறவனுக்கு மறைக்கக் காரணம் இல்லை என்பது அதில் ஒரு முக்கிய வாதம். நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நின்றது. இரும்பு மிகை உள்ளவர் காசு வாங்கவில்லைதான். ஆனால் ரத்தம் எடுக்க வேறு இடத்தில் கட்டணம், இங்கே இலவசம் என்றால் அதுவும் ஒரு லாபம். அந்த லாபத்துக்காகப் படிவத்தில் ஏதாவது ஒன்றை மறைத்துவிட்டால்?

மறைப்பது என்றால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அங்கே பிரச்சினை வேறு, அதில் இரும்பும் இல்லை, லாபமும் இல்லை. ஆனால் ஒரு பை ரத்தம் எத்தனை பேரின் உண்மையையும் கவனத்தையும் நம்பி இருக்கிறது என்பது அந்த மாதம் இந்தப் பக்கம் எல்லோருக்கும் புரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, சின்னது. யெர்சினியா என்று ஒரு பாக்டீரியா. இரும்பென்றால் அதற்குக் கொண்டாட்டம், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். இரும்பு மிகுந்த உடம்பில் அது தங்கியிருந்தால் பையிலும் பெருகலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவரை அன்றைக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதற்கும் போதும்.

லாபப் பிரச்சினையை வெளிநாடுகளில் தீர்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கொடுக்கிறவரைத் திருத்தாமல் கட்டணத்தைத் திருத்தினார்கள். அமெரிக்காவில் முன்பு இப்படிப்பட்ட ரத்தப் பையில் கொடுத்தவரின் நோயை லேபிளில் எழுத வேண்டும். எழுதினால் எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? 2015இல் வந்த விதியில், பரம்பரை இரும்பு மிகை உள்ள எல்லோருக்கும், அவர் ரத்தம் தானத்துக்குத் தேறினாலும் தேறாவிட்டாலும், கட்டணமே வாங்காமல் எடுக்கிற மையம் அந்த லேபிள் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. எப்படியும் இலவசம் என்றால் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகிறது? உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியும், மற்ற தகுதிகள் இருந்தால் இவர்களை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இவர்கள் முறையான கொடையாளர்கள்.

நம் ஊரில் சிகிச்சைக்காக எடுப்பது வேறு, தானம் வேறு என்று இரண்டு தனி வழிகள். முதல் வழியில் போனால் ரத்தம் வீண். இரண்டாவது வழியில் போக எல்லோருக்கும் உள்ள தகுதிகள் வேண்டும்: வயது 18 முதல் 65, ஹீமோகுளோபின் 12.5, எடை 45 கிலோ, 450 மில்லி எடுக்க 55 கிலோ, ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120. முடிவு அந்த மையத்தின் மருத்துவ அலுவலர் கையில்.

இந்த 90 நாளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான். உண்மையிலேயே பத்து கிராம் மிகை சேர்ந்துவிட்டவருக்கு வாரம் ஒரு தடவை 450 மில்லி எடுத்தால் 47 வாரத்தில் முடியும். தானம் மட்டும் செய்து குறைக்கிறேன் என்று வருஷத்துக்கு நாலு தடவை போனால், பன்னிரண்டு வருஷத்துக்கு அருகில். அதுவரை கல்லீரல் காத்துக்கொண்டிருக்காது, கணக்குப் போடும் நேரத்திலேயே புது இரும்பும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே நோய் இருக்கிறது என்று உறுதியானால் ஆரம்ப கட்டம் முழுக்க சிகிச்சைதான். அந்த ரத்தம் வீணாகிறதே என்று இடைவெளி விடுவது தற்கொலைத் தர்மம்.

ஆனால் இறங்கிய பிறகு? ஃபெரிட்டின் 50க்கும் 100க்கும் இடையில் வந்ததும் வருஷத்துக்கு இரண்டிலிருந்து நாலு தடவை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். தினம் இரண்டு மில்லிகிராம் மிகைக்கு வருஷத்துக்கு 730. நாலு பைக்கு 856. நம் சட்டத்தின் 90 நாளும் இந்தப் பராமரிப்பும் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது. இதய பாதிப்போ கல்லீரல் சுருக்கமோ இன்சுலினோ இல்லாத ஒருவர், எல்லாவற்றையும் மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கும் இந்த ரத்தத்தைத் தானமாக எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தடையும் தெரியவில்லை. கட்டணம் இரண்டு வழியிலும் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் மையங்களும் அங்கே வந்து சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு அரைகுறையாகிவிடும். நம் நாட்டில் 'பரம்பரை', 'இரும்பு மிகை' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வருவது பெரும்பாலும் தலசீமியா வார்டில்தான். தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையும் அதே 200 மில்லிகிராமைக் கொண்டு வருகிறது. வெளியே போக வழியில்லாத அதே உடம்பு. ஹீமோகுரோமடோசிஸ்காரருக்கு இருபது வருஷத்தில் சேர்வது இந்தப் பிள்ளைக்குச் சில வருஷத்தில் சேர்ந்துவிடும். ரத்தத்தை எடுத்துக் குறைக்கவும் முடியாது, ரத்தம்தான் அதற்கு உயிர். அதனால் டெஃபராசிராக்ஸ் மாதிரி மருந்துகளால் இரும்பைக் கட்டிப் பிடித்து வெளியேற்றுகிறார்கள், வாழ்நாள் முழுக்க. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மஜ்ஜை மாற்றிக் குணமான பிள்ளைகளுக்குக்கூட பழைய இரும்பு உள்ளேயே இருக்கும். இப்போது ரத்தம் நன்றாக ஊறுகிறது என்பதால் அவர்களிடம் ரத்தம் எடுத்தே அதைக் குறைப்பது உண்டு. எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்தில் வந்த இரும்பு, கடைசியில் ரத்தமாகவே திரும்பிப் போகிறது.

அண்ணனுக்கு வருவோம். நான் படித்ததில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: "ஃபெரிட்டினை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணே, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பாருங்க" என்று சொன்னேன். ஃபெரிட்டின் ஒரு குழப்பவாதி. கல்லீரலில் கொழுப்பு, குடி, சர்க்கரை, ஏதாவது ஒரு அழற்சி, எதற்கும் ஏறும். இரும்பு நிஜமாகவே உள்ளே வழிந்துகொண்டிருந்தால் சாச்சுரேஷன் 45 சதவீதத்தைத் தாண்டும். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார். 29 வந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2. கல்லீரல் டாக்டர் ஒருவரைப் பார்த்தார். மரபணுச் சோதனை இப்போதைக்குத் தேவையில்லை, எடையைக் குறையுங்கள், ராத்திரி பரோட்டாவை விடுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரிக் கொழுப்புக் கல்லீரலுக்கு ரத்தம் எடுப்பது உதவுமா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள்; உதவவில்லை.

அதாவது ரிப்போர்ட் கொடுத்த இடத்தில் சொன்ன வைத்தியத்தை நம்பி நாலு தடவை கொடுத்திருந்தால், ஃபெரிட்டின் எண் கொஞ்சம் இறங்கியிருக்கும். அண்ணனும் நிம்மதியாக இருந்திருப்பார், பரோட்டாவும் தொடர்ந்திருக்கும், கல்லீரல் அதுபாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இதுதான் பயமாக இருந்தது. (சாச்சுரேஷன் 60, 70 என்று வந்திருந்தால் கதை வேறு. அப்போது கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் சோதிக்கச் சொல்லியிருப்பேன், என்னையும் சேர்த்து.)

முருங்கைக்கீரையையும் கருப்பட்டியையும் நிறுத்தணுமா என்று மதினி கேட்டார்கள். வேண்டாம். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கிறார்கள். முந்நூறு கிராம் அரிசிக்கு எட்டிலிருந்து பதின்மூன்று, அதிலும் உடம்பில் ஒட்டுவது சிறு பங்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அண்ணனைப் பார்த்துவிட்டு மதினி கீரையை விட்டால் அது வேறு வினையாகிவிடும். அவர்கள் ஹீமோகுளோபின் என்ன என்று யாரும் இதுவரை பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பார்த்தோம். 10.4.

அண்ணன் ரத்தம் கொடுத்தார், ஆனியில், ஒரு முகாமில். வைத்தியமாக அல்ல, எல்லோரையும் போல. போவதற்கு முன் ஃபெரிட்டின் ரிப்போர்ட், ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் முகாம் டாக்டரிடம் காட்டினார். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, ஹீமோகுளோபின் 15.2, எடை 84 என்று பார்த்து, படுக்கச் சொன்னார். 450 மில்லி.

ஜூஸ் குடித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "தம்பி, இதை ஏத்துவாவதானல?"

"ஏத்துவாங்க அண்ணே."